முதல் ஜாஸ் ஆல்பத்தில் பாடகர்கள் சறுக்கும் இடங்கள்

ஜாஸ் பாடகர்களில் பலர் முதல் ஆல்பத்துக்கு ஸ்டாண்டர்ட் பாட்டுகளையே எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் 1920களிலிருந்து 1950கள் வரை பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டு, அப்புறம் ஜாஸ் கலைஞர்கள் சொந்தமாக்கிக்கொண்ட பாட்டுகள் இவை. மெட்டு கையில் இருக்கிறது, வரிகள் ஊரறிந்தவை, பாடினால் போதும் என்று தோன்றும். பாதித் தவறுகள் அந்த நினைப்பில்தான் முளைக்கின்றன. பில்லி ஹாலிடே, சாரா வான் போன்ற பெரிய ஜாஸ் பாடகிகள் பாடிப் பாடிக் கேட்பவர் காதில் ஏற்கெனவே குடியேறிவிட்ட பாட்டுகள் அவை.

முதல் தவறு, பாட்டைப் புகழ்பெற்ற ஒரு ரெக்கார்டிலிருந்து கற்றுக்கொள்வது. அந்தப் பாடகர் போட்ட நெளிவு, அவர் தள்ளிப் போட்ட சொல், அவர் மாற்றிய சுரம் எல்லாமே மெட்டு என்று மனதில் பதிந்துவிடும். பிறகு என்ன செய்தாலும் அது நகல்தான். அச்சில் வந்த பழைய நொட்டேஷனைத் தேடி எடுத்து, அதில் உள்ளபடி, அலங்காரம் இல்லாமல் பாடிப் பழகுங்கள். இசைக்கலைஞர்கள் கையில் புழங்கும் ‘ரியல் புக்’ மட்டும் போதாது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரி மாணவர்கள் உரிமை வாங்காமல் தொகுத்த புத்தகம் அது. சுரமும் கார்டும் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டும்) பல இடங்களில் பிசகியிருந்தன. 2004இல் உரிமையோடு ஒரு பதிப்பு வந்தது. பிழைகள் பல திருத்தப்பட்டன. ஆனால் பெரும்பாலான பாட்டுகளுக்கு அதில் வரிகள் கிடையாது, பாடகருக்கு வேண்டியதே அதுதானே!

வரிகளை யோசிக்காமல் பாடுவது இன்னும் மோசம். ‘மை ஃபன்னி வேலன்டைன்’ பாட்டையே பாருங்கள். 1937இல் ‘பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்’ நாடகத்துக்கு ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் மெட்டமைக்க, லாரன்ஸ் ஹார்ட் வரிகள் எழுதினார். நாடகத்தில் வேலன்டைன் என்பது ஒரு பையனின் பெயர். அவனை விரும்பும் பெண் அவன் முகத்தையும் பேச்சையும் செல்லமாகக் கிண்டல் செய்துவிட்டு, இருந்தாலும் நீ மாறிவிடாதே என்கிறாள். புதுப் பாடகர்கள் பலர் இதை ஒப்பாரி போல இழுக்கிறார்கள். சோகம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது கிண்டலுக்கு அடியில் இருக்கிறது. பல ஸ்டாண்டர்டுகளைப் போல இதற்கும் முன்னால் ஒரு தொடக்கப் பகுதி உண்டு. பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். ஆல்பத்தில் பாடாவிட்டாலும் பரவாயில்லை, படித்தாவது வைத்துக்கொள்ளுங்கள். யார், யாரிடம், எந்த மனநிலையில் பேசுகிறார் என்பது அங்கேதான் இருக்கும்.

அடுத்தது சுருதி. புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் வாத்தியக்காரர்களுக்குப் பழகிய சுருதி. பல பெண் குரல்களுக்கு அங்கிருந்து ச–ம அல்லது ச–ப தூரம் இறக்க வேண்டிவரும். உச்ச சுரம் எட்டுகிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கடைசி வரியைச் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். பேசும்போது குரல் எங்கே நிற்கிறதோ, பாடும்போதும் அந்த வட்டாரத்தில் நிற்கிற சுருதிதான் உங்களுடையது. அரை சுரம் ஏற்றி இறக்கினாலே பாட்டின் குணம் மாறிவிடும். இதையெல்லாம் ஸ்டூடியோவில் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மணிக்கணக்கில் வாடகைதான் ஏறும்.

தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிப் பாடுவது பில்லி ஹாலிடேயின் பாணி. அதைப் பின்பற்றுகிற புதியவர்கள் பலர் உண்மையிலேயே தாளத்தை விட்டுவிடுகிறார்கள். பாடகர் பின்தங்கும்போது பேஸும் டிரம்ஸும் அசையாமல் நடக்க வேண்டும். அவர்களும் உங்களுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தால் பாட்டு படுத்துவிடும். அதனால்தான் குரலைத் தனியாக, கடைசியில் பதிவு செய்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நீங்கள் ஒரு சொல்லை நிறுத்திப் பாடும்போது அந்த இடைவெளியில் பியானோ என்ன சொல்கிறது என்பதில்தான் ஜாஸின் உயிரே இருக்கிறது. ஏற்கெனவே பதிவான பியானோ உங்களுக்குப் பதில் சொல்லாது.

ஸ்கேட், அதாவது வரிகளுக்குப் பதில் அர்த்தமில்லாத அசைகளை இட்டுக்கட்டிப் பாடுவது, பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கார்டு மாறுவது காதில் விழாதவர் தொடவே வேண்டாம். 1960இல் பெர்லின் கச்சேரியில் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் ‘மேக் தி நைஃப்’ வரிகளை நடுவில் மறந்துபோய், இட்டுக்கட்டியே பாடி முடித்தார்; அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. அவருக்கு மறந்தது வரிகள் மட்டும்தான்.

பணம் இருந்தால் வயலின் கூட்டத்தையே அழைத்துவிடும் ஆசையும் வரும். பாடகி ஜூலி லண்டனின் 1955 முதல் ஆல்பத்தில் துணைக்கு இருந்தது ஒரு கிட்டாரும் ஒரு பேஸும்தான். ஷீலா ஜோர்டன் 1962இல் பதிவு செய்த முதல் ஆல்பத்தில் பியானோவே கிடையாது. பத்துப் பாட்டும் மெதுவாகவே ஓடுவது இன்னொரு பொறி. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா 1955இல் ஒரே மனநிலையில் ஒரு ஆல்பம் செய்து வென்றார், சரி. ஆனால் 1939லிருந்தே பதிவு செய்துவந்த குரல் அது. புதிய குரலைக் கேட்பவருக்கு மூன்றாவது பாட்டிலாவது கொஞ்சம் ஓட்டம் வேண்டும்.

கடைசியாக, உரிமை. பழைய பாட்டென்றால் இலவசம் என்பது தவறு. அமெரிக்காவில் ஏற்கெனவே வெளிவந்த பாட்டைப் புதிதாகப் பதிவு செய்ய உரிமக் கட்டணம் உண்டு. 2025இல் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு, ஒவ்வொரு சிடிக்கும் டவுன்லோடுக்கும் 12.7 சென்ட். மெட்டை உங்கள் பாணிக்கு ஏற்ப வளைக்கலாம். வரிகளை மாற்றவோ மொழிபெயர்க்கவோ தனி அனுமதி வேண்டும். 1930இல் வெளியான பாட்டுகள் 2026 ஜனவரி 1இல் அங்கே உரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமையாகிவிட்டன. மற்ற பல நாடுகளில் உரிமை நீடிக்கும் ஆண்டுக் கணக்கு எழுதியவர் இறந்த நாளைப் பொறுத்தது என்பதால், மெட்டமைத்தவர், வரிகள் எழுதியவர் இருவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.