சூரியனையும் நிலநடுக்கத்தையும் முடிச்சுப் போடுமுன்

கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதால், நெல்லைப் பக்கம் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சூரியனால் நிலநடுக்கம் வருகிறதா என்று தேடிப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. நல்ல ஆசைதான். ஆனால் புதிதாக இறங்குபவர்கள் எல்லாரும் ஒரே குழியில் விழுகிறார்கள்.

சும்மாவே கிடைக்கும் பொருத்தம்

"காந்தப்புயல் வந்தது, மூன்று நாளில் 6 அளவு நிலநடுக்கம் வந்தது, ஆகவே தொடர்பு உண்டு." (காந்தப்புயல் என்பது சூரியனிலிருந்து வரும் வீச்சால் பூமியின் காந்தப்புலம் கலங்குவது.) இப்படி முடியும் அறிக்கையைப் படித்தாலே எரிச்சல் வருகிறது. 6-க்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுக்குச் சுமார் 140 வருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தேதியைத் தொட்டாலும், அடுத்த மூன்று நாளில் ஒன்றாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 68 விழுக்காடு. ஏழு நாள் என்று நீட்டினால் 93. பத்துப் புயலில் ஏழுக்குப் பொருந்தியது என்றால், அதில் சூரியனுக்கு வேலையே இல்லை.

புயல் பட்டியலையும் நிலநடுக்கப் பட்டியலையும் திறக்குமுன் நான்கை நோட்டில் எழுதிவிடுங்கள்: புயல் என்று கொள்ளும் கேபி எல்லை (கேபி என்பது காந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை அளக்கும் குறியீடு; 5 வழக்கம்), நிலநடுக்க அளவு, எத்தனை நாள், எந்தப் பகுதி. பிறகு எண்ணுங்கள். அடுத்து, புயல் நாள்கள் எத்தனையோ அத்தனை தேதிகளைக் குலுக்கி எடுத்து அதேபோல் எண்ணுங்கள். இதை 1000 முறை செய்யுங்கள். அவற்றில் 50-க்கு மேல் உங்கள் எண்ணிக்கையை எட்டினால் தொடர்பு என்று சொல்ல வழியில்லை. மூன்று நாள் சரிவராமல் ஐந்து, பிறகு ஏழு என்று மாற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனிச் சோதனை. இருபது முறை மாற்றினால் ஒன்று தற்செயலாகவே தேறிவிடும்.

2013-இல் லவ், தாமஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கரும்புள்ளி எண்ணிக்கை, சூரியக்காற்றின் வேகம், காந்தக் குறியீடு மூன்றையும் உலக நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தேறவில்லை.

பின்னதிர்வுகளைத் தனித்தனியாக எண்ணுவது

2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்தை அடுத்து 6-க்கு மேற்பட்ட அதிர்வுகள் டஜன் கணக்கில் வந்தன. அத்தனையும் ஒரே நிகழ்வின் வால். முதன்மை அதிர்வை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள்.

நேரம்

இரண்டு பட்டியலும் உலக நேரத்தில் (UTC) இருக்கட்டும். நம் நேரத்தில் 5:30 மணி கழியுங்கள்.

உச்சிப்பொழுது காந்த ஏற்றத்தை நிலநடுக்க அறிகுறி என்பது

நெல்லை காந்த நடுக்கோட்டை (பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோடு) ஒட்டிய ஊர். சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டம் நண்பகலை ஒட்டி இங்கே காந்தப் பதிவைத் தூக்கிவிடும். சில பிற்பகல்களில் அது திசை திரும்பி, பதிவு இரவு மட்டத்துக்கும் கீழே போகும். நிலநடுக்கம் இல்லாத நாளிலும் இதே கதைதான். அந்தக் கோட்டிலிருந்து தள்ளி, மும்பை அருகிலுள்ள அலிபாக் ஆய்வகத்தின் பதிவைக் கழித்தால் இந்த மின்னோட்டத்தின் பங்கு தனியே தெரியும். அதைத் தவிர்க்க வேண்டுமானால், நள்ளிரவு மதிப்புகளை மட்டும் எடுங்கள்.