விதியா, என் விருப்பமா: ஒரு தீர்மானத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

சுயசித்தம், அதாவது தானாகவே தீர்மானிக்கும் ஆற்றல், மெய்யா, வெறும் தோற்றமா என்று மொத்தமாகக் கேட்டால் எவராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த ஒரு கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பாடசாலைகளில் உயர்தர மாணவருக்கு அளவையியல் கற்பித்த காலத்தில், ஆண்டுதோறும் ஏதாவதொரு வகுப்பில் இந்த விவாதம் கிளம்பும். ஒருவர் ஊழ்வினை என்பார், இன்னொருவர் கத்ர் என்னும் இறைநியதி என்பார், மூன்றாமவர் மூளையில் ஓடும் மின்சாரம் என்பார். மணி அடிக்கும்போது ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்க மாட்டார்கள். பிறகு ஒரு வழியைக் கண்டுகொண்டேன். கேள்வியை உலகம் முழுவதற்குமாகக் கேட்காமல், ஒருவர் எடுத்த ஒரே ஒரு தீர்மானத்தின்மேல் வைத்துக் கேட்பதுதான் அது. அதற்கு ஒரு கொப்பி, செக்கன் முள் உள்ள ஒரு சுவர்க் கடிகாரம், முகத்துக்கு நேரே மறுத்துப் பேசக்கூடிய ஒரு துணை ஆகியவை போதும்.

தீர்மானத்தைத் தெரிந்தெடுத்தல்

எடுக்கும் தீர்மானம் உங்களுடையதாகவும் நடந்து முடிந்ததாகவும் இருக்க வேண்டும். பால் தேத்தண்ணியா வெறும் தேத்தண்ணியா என்பது போன்ற சிறியது உதவாது. நினைத்தாலே கண் கலங்குவதும் உதவாது. தீர்மானிக்கவே படாதவற்றை முதலில் பிரித்து, 'தந்தவை' என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். நம் பகுதியில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. எந்தக் குடியில் பிறப்பது என்று எவரும் யோசித்து முடிவெடுத்ததில்லை. ஆயினும் கோயில் திருவிழாவில் யாருக்கு எந்த உரிமை என்பது அதைக் கொண்டே அமைகிறது. பிறந்த ஆண்டு, பேசும் மொழி, வீட்டுக்கு அருகில் இருந்த பாடசாலை எல்லாம் அந்தப் பக்கத்துக்கே உரியவை. அந்தப் பக்கம் எதிர்பார்த்ததைவிட நீளமாகப் போகும். அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது.

இங்கே ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்ற ஒரு மாணவி, உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிந்துகொண்டாள். "நானாகத்தான் எடுத்தனான், சேர்" என்பது அவளுடைய சொல்.

சொற்களைப் பிரித்தல்

வேலையில் பாதி இதுதான், அவசரப்படக் கூடாத இடமும் இதுதான். விதி, காரணம், வற்புறுத்தல், முன்கூட்டிச் சொல்லக்கூடியது என்ற நான்கையும் பேச்சில் ஒன்றாகவே குழைத்துவிடுகிறோம்.

விதி என்றால் நீங்கள் என்ன செய்தாலும் அது நடந்தே தீரும் என்று பொருள். காரணம் என்றால் நீங்கள் செய்வதன் வழியாக அது நடக்கிறது என்று பொருள். இந்த வேறுபாடு வட்டையில், அதாவது வயல்வெளியில், நிற்பவருக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும். பெரும்போகத்துக்கு எந்தத் தேதியில் விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது என்பவற்றை, போகம் தொடங்குமுன் விவசாயிகள் கூடும் ஆரம்பக் கூட்டம் முடிவு செய்கிறது. மழையை எந்தக் கூட்டமும் முடிவு செய்வதில்லை. 'விளைகிறது விளையும்' என்று வாயால் சொல்லும் அதே மனிதர் விடியற்காலையில் வரம்பு கட்டப் போகிறார். விளைச்சல் தன் கையின் வழியாகவும் வருகிறது என்று அவருடைய கால்களுக்குத் தெரிந்திருக்கிறது. கிரேக்க நாட்டில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இதே சிக்கல் எழுந்தது. 'நோய் மாற வேண்டுமென்று விதித்திருந்தால் வைத்தியரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் மாறும். ஆகவே அழைப்பது வீண்' என்று வாதிட்டவர்களுக்கு, குணமாவது விதித்ததாயின் வைத்தியரை அழைப்பதும் அதனோடு சேர்ந்தே விதிக்கப்பட்டிருக்கும் என்று ஸ்டோயிக் அறிஞர் க்ரிசிப்பஸ் மறுமொழி கூறினார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி சொல்லும் நபிமொழியை என் முஸ்லிம் மாணவர்கள் இந்த இடத்தில்தான் எடுத்து வைப்பார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே திசையைக் காட்டுகின்றன.

உண்மையான விதிவாதம் அரிது. பழைய இந்தியத் துறவியர் கூட்டமான ஆசீவகரின் தலைவர் மற்கலி கோசாலர், எறியப்பட்ட நூற்பந்து தன் நீளம் முடியும்வரை அவிழ்ந்துகொண்டே போவதுபோல உயிர்களும் தமக்குரிய பிறவிகளைக் கடந்தே தீரும், முயற்சி எதையும் மாற்றாது என்று கூறியதாகப் பௌத்த நூல்கள் சொல்கின்றன. கணியன் பூங்குன்றனாரின் பாட்டையும் இங்கே நினைக்கலாம். அதன் முதலடி எல்லா மேடைகளிலும் ஒலிக்கிறது. மலையிலிருந்து இறங்கும் பேராற்றில் நீர்வழிப் படும் புணைபோல உயிர் முறைவழிப் படும் என்று பின்னர் வரும் அடிகளைச் சொல்பவர் குறைவு. அவர் தேர்ந்த சொல் புணை, அதாவது தெப்பம், என்பதைக் கவனியுங்கள். நம் வாவியில் ஓடும் தோணியை அந்த இடத்தில் வைத்தால், சவளை (துடுப்பை)ப் பிடிக்கும் கை ஒன்றும் கூடவே வந்துவிடும்.

அடுத்தது காரணத்துக்கும் வற்புறுத்தலுக்கும் உள்ள வேறுபாடு. 1748இல் ஸ்கொத்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் எழுதியதன் சாரம், சுதந்திரத்துக்கு எதிரானது காரணம் அல்ல, வற்புறுத்தலே என்பதாகும். நம் விருப்பத்துக்கும் காரணம் இருக்கலாம். விரும்பியதைச் செய்யவிடாமல் விலங்கு மாட்டினால்தான் சுதந்திரம் போகிறது. இந்த நிலைப்பாட்டை இணக்கவாதம் என்பர். ஆனால் விலங்கு எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. உறங்கும் ஒருவரைத் தூக்கிச் சென்று, அவர் காண ஏங்கிய நண்பர் இருக்கும் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினால், விழித்தபின் அவர் மகிழ்ச்சியோடு அங்கேயே இருப்பார், கதவைத் தள்ளிப் பார்க்க மாட்டார் என்று ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் ஓர் உதாரணம் சொல்கிறார். என் மாணவியின் தந்தை, அவள் கலைப் பிரிவைக் கேட்டால் மறுத்துவிடுவது என்று முன்னரே முடிவெடுத்திருந்தார். அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கதவு பூட்டியிருந்தது, அவளோ விருப்பத்தோடு உள்ளே இருந்தாள். அவள் சுதந்திரமாகத் தெரிந்தாளா? நான் ஆம் என்பேன், துணையாக இருந்த ஆசிரியை இல்லை என்றார். உங்கள் கொப்பியிலும் இத்தகைய பூட்டிய கதவுகளைத் தேடி எழுதுங்கள்.

முன்கூட்டிச் சொல்லக்கூடியதாக இருப்பதால் மட்டும் ஒரு செயல் சுதந்திரம் இழப்பதில்லை. நீங்கள் எதற்குச் சம்மதிப்பீர்கள் என்பதை அம்மா முன்பே சொல்லிவிடுவார். அதனால் சம்மதித்தது அம்மா ஆகிவிடாது. அணுக்களின் உலகில் தற்செயல் இருப்பதால் சுயசித்தம் உண்டு என்ற வாதத்தையும் தயங்காமல் ஒதுக்கலாம். தற்செயலாகத் தெறித்த கை என்னுடைய செயலாகாது.

கடிகாரச் சோதனை

'விஞ்ஞானம் சுயசித்தத்தைப் பொய்யாக்கிவிட்டது' என்ற தலைப்போடு காணொளிகள் சுற்றிக்கொண்டிருப்பதால் இந்தச் சோதனையைச் சேர்க்கிறேன். மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வில், பங்குபற்றியவர்கள் தமக்கு அசைக்கத் தோன்றியபோது மணிக்கட்டை அசைத்தார்கள்; ஏறத்தாழ 2.56 செக்கனுக்கு ஒருமுறை சுற்றும் புள்ளியைப் பார்த்து, அசைக்கும் எண்ணம் எழுந்த கணத்தைச் சொன்னார்கள். எண்ணம் அசைவுக்குச் சுமார் 200 மில்லி செக்கன் முன்னர் வந்தது. அசைவுக்கு முன் மூளையில் எழும் ஆயத்த மின்னழுத்தமோ சுமார் 550 மில்லி செக்கன் முன்னரே ஏறத் தொடங்கியிருந்தது. மூளை முடிவெடுத்தபின்தான் 'நான்' அறிகிறேன் என்று பலர் இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். லிபெட் அவ்வளவு தூரம் போகவில்லை; எழுந்த உந்தலைக் கடைசி நேரத்தில் தடுக்க நனவுக்கு இடமுண்டு என்றே அவர் கருதினார்.

நீங்களும் செய்து பாருங்கள். செக்கன் முள் விட்டுவிட்டுத் துள்ளாமல் தொடர்ந்து ஓடும் கடிகாரத்தின் முன் அமர்ந்து, தோன்றும்போது விரலை அசைத்து, எண்ணம் பிறந்தபோது முள் எங்கே நின்றது என்று துணையிடம் சொல்லுங்கள். இருபது முறை செய்யுங்கள். எண்ணத்துக்கு ஒரு பிறந்த கணத்தைக் குறிப்பது எவ்வளவு வழுக்கலான வேலை என்பது ஐந்தாவது முறைக்குள் புரிந்துவிடும். 2012இல் ஆரொன் ஷர்கரும் உடன் ஆய்ந்தோரும், அந்த மின்னழுத்தம் முடிவெடுத்ததன் அடையாளமாக இல்லாமல், மூளையில் இயல்பாக ஏறி இறங்கும் சலசலப்பு ஓர் எல்லையை எட்டுவதாகவும் இருக்கலாம் என்று காட்டினார்கள். 2008இல் மூளைப் படங்களைக் கொண்டு, எந்தக் கைப் பொத்தானை அழுத்துவார் என்பதைச் சில செக்கன்களுக்கு முன்னர் கணித்த ஆய்வின் துல்லியம் சுமார் 60 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். என் சொந்தக் குறை வேறு. விரலை இப்போது அசைப்பதற்கும் பிறகு அசைப்பதற்கும் நியாயமே இல்லை. நியாயம் இல்லாத செயலைக் கொண்டு, மாதக்கணக்கில் யோசித்து எடுத்த முடிவை அளக்க முற்படுவது, மீன் நிறுக்கும் தராசில் உறவின் நெருக்கத்தை நிறுப்பது போன்றது.

நியாயச் சோதனை

ஒரு பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்புறத்தில் அந்தத் தீர்மானத்தை நோக்கி உங்களை இழுத்தவற்றையும், வலப்புறத்தில் எதைக் கேள்விப்பட்டிருந்தால் மாற்றியிருப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'அதே நிலைமையில் மாற்றிச் செய்திருக்க முடியுமா' என்ற கேள்வியை எவராலும் சோதிக்க முடியாது. அதே நிலைமை திரும்ப வராது. 'நல்ல நியாயம் ஒன்று கிடைத்திருந்தால் மாறியிருப்பேனா' என்பதைச் சோதிக்கலாம். மாணவியின் இடப்புறத்தில் பெறுபேறு, தாயின் ஆசை, அதே ரியூசனுக்குப் போகும் தோழி, 'டொக்டர்' என்ற சொல்லின் ஒலி ஆகியவை இருந்தன. வலப்புறம் நெடுநேரம் வெறுமையாக இருந்தது. பிறகு 'தோழி வர்த்தகப் பிரிவுக்கு மாறினால்' என்று எழுதினாள். எழுதியவள் தானே அதைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் அடுத்த படி தொடங்குகிறது. இழுத்த ஒவ்வொன்றையும் தொட்டு, 'இது என்னை இழுப்பதை நான் விரும்புகிறேனா' என்று கேளுங்கள். விருப்பத்தைப் பற்றிய இந்த இரண்டாம் படி விருப்பமே மனிதரைத் தனித்துக் காட்டுகிறது என்று அமெரிக்க மெய்யியலாளர் ஹரி பிராங்பேர்ட் 1971இல் வாதிட்டார். ஏற்றுக்கொள்வதற்கு ஒரு கோடு, கூசுவதற்கு ஒரு புள்ளி வையுங்கள். கோடுகள் மிகுந்தால் அந்தத் தீர்மானம் பெருமளவு உங்களுடையது.

துணை கெட்டிக்காரராக இருந்தால் இங்கே மறிப்பார்: கோடு வைக்கும் அந்த மனமும் தாயாலும் ஊராலும் வளர்க்கப்பட்டதுதானே? பிரித்தானிய மெய்யியலாளர் காலன் ஸ்ட்ரோசன் இதையே கூர்மையாக்கி, தன் செயலுக்கு முழுப் பொறுப்பேற்க வேண்டுமாயின் தன் இயல்புக்கும் ஒருவர் பொறுப்பாக வேண்டும், அதற்கு முந்திய இயல்புக்கும் பொறுப்பாக வேண்டும், இதற்கு முடிவில்லை என்கிறார். இந்த வாதத்தை முறியடிக்க என்னால் ஆகவில்லை. அடிவேர்வரை தன்னைத் தானே படைத்துக்கொள்ளும் சுதந்திரம் மனிதருக்கு இல்லை என்றே கருதுகிறேன். ஆனால் நியாயம் கேட்டு மாறக்கூடிய மாணவிக்கும், எது சொன்னாலும் மாற முடியாதபடி சூதிலோ குடியிலோ சிக்கியவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த வாதத்துக்குப் பின்னும் அப்படியே நிற்கிறது. பழக்கத்தில் சுயசித்தம் என்று நாம் மதிப்பது அந்த வேறுபாட்டையே.

பிறர்மீது பயன்படுத்தும்போது

அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும். நம் பிள்ளை சித்தியடைந்தால் முயற்சி, தவறினால் சனி. பக்கத்து வீட்டுப் பிள்ளை சித்தியடைந்தால் அதிர்ஷ்டம், தவறினால் சோம்பல் என்று கணக்கெழுதுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். உங்களைக் கோபப்படுத்திய ஒருவரின் ஒரு செயலை எடுத்து, அதே இரு பத்திகளையும் அவர் இடத்திலிருந்து நிரப்பிப் பாருங்கள். உங்கள் பத்தியைவிட அது மிகக் குறுகியதாக வந்தால், அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது குறைவு என்றே கொள்ள வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் இந்த முறையைக் கையில் எடுக்கக் கூடாது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைப் பக்கம் போன பிள்ளையைப் பற்றி ஒரு தாய் 'விதி' என்று சொன்னால், அவர் காரணகாரியத்தைப் பற்றி எந்தக் கோட்பாட்டையும் முன்வைக்கவில்லை. 'ஏன் போகவிட்டேன்' என்று தன்னையே தின்னும் கேள்வியை அந்தச் சொல்லால் கீழே இறக்கி வைக்கிறார். அங்கே விதிக்கும் காரணத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க முற்பட்ட இளம் ஆசிரியன் ஒருவனை எனக்குத் தெரியும். அது நான்தான்.

உங்கள் பக்கங்கள் நிரம்பியதும் கொப்பியைத் துணையிடம் கொடுத்து, அவருடைய தீர்மானம் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். இம்முறை மறுத்துப் பேசுவது உங்கள் வேலை. அவரும் 'தந்தவை' என்ற பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும்.