இங்கிலாந்து கிராமத்துப் பழைய கதைகளைச் சேகரிக்கறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்துல எந்த கிராமத்துக்குப் போனாலும் ஒரு லோக்கல் ஹிஸ்டரி குரூப் இருக்கும், வில்லேஜ் ஹால்ல மாசத்துக்கு ஒரு நாள் கூடி பழைய மேப்ப விரிச்சு வச்சு பேசிட்டு இருப்பாங்க. அதுல புதுசா சேர்றவங்க ரெக்கார்டரத் தூக்கிட்டு வயசானவங்க வீட்டுக்குப் போய் சின்ன வயசு ஞாபகங்கள கேட்டுட்டு வருவாங்க. ரொம்ப நல்ல வேலை, நிறைய பேர் செய்யணும். ஆனா வர்ற ரெக்கார்டிங் எல்லாத்துலயும் அதே நாலஞ்சு தப்பு திரும்பத் திரும்ப வருது. பேட்டரி பாக்காம போறது, பேர் தேதி எழுதாம விடறது இதெல்லாம் நான் சொல்லல, ஒரு தடவை பட்டா தானா சரியாயிடும்.

போட்டோவ முதல்ல காட்டாதீங்க

இத எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஷ்ராப்ஷயர்ல ஒரு கிராமம். புதுசா வந்தவர் ஒருத்தர் எண்பது தாண்டின பாட்டி வீட்டுக்குப் போறார், கையில பெருசு பண்ணின ஒரு போட்டோ, உறைஞ்சு போன குளத்து மேல பசங்க வரிசையா நிக்கறாங்க, பின்னாடி பென்சில்ல 1947னு யாரோ எழுதியிருக்காங்க. உக்காந்ததும் போட்டோவக் கையில குடுத்து "இது 1947 பனி, ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டுட்டார். பாட்டியும் ஆமா ஆமா நானும் அங்கதான் இருந்தேன்னு ஆரம்பிச்சாங்க. ஜெர்மன் போர்க் கைதிங்க மண்வெட்டியோட வந்து பாதையில பனிய வாரினது, ஸ்கூல் அடுப்புக்கு நிலக்கரி இல்லாம வீட்டுக்கு அனுப்பினது, இதெல்லாம் சரியா 1947தான், ஏன்னா கைதிங்க 1948 வரைக்கும் இங்க இருந்தாங்க, அந்த குளிர்ல நிலக்கரிக்கு நாடே தவிச்சுது. ஆனா அதே மூச்சுல, வாரா வாரம் ஃபுட்பால் மேட்ச் கேன்சல் ஆச்சுன்னு டிவில பாத்து அப்பா புலம்பினார்னு சொல்றாங்க. 1947ல பிரிட்டன்ல இருந்த ஒரே டிவி டிரான்ஸ்மிட்டர் லண்டன்ல, ஷ்ராப்ஷயர் இருக்கற மிட்லண்ட்ஸ் பகுதிக்கு சட்டன் கோல்ட்ஃபீல்ட் டிரான்ஸ்மிட்டர் வந்ததே 1949 டிசம்பர்லதான். அப்போ அந்த டிவி ஞாபகம் 1963 குளிர்காலத்தோடது, 1962 பாக்ஸிங் டே, அதாவது டிசம்பர் 26 அன்னைக்கு கொட்ட ஆரம்பிச்ச பனி மார்ச் வரைக்கும் கிடந்துச்சே, அது. அந்த போட்டோவயே உத்துப் பாத்தா ஓரத்து வீட்டுக் கூரையில ஒரு டிவி ஏரியல் நிக்குது! 1947ங்கறது பின்னாடி யாரோ குத்துமதிப்பா எழுதினது.

சரி, தேதியத் திருத்திட்டா போச்சுன்னு நினைப்பீங்க. போகாது. மறுபடி போய்க் கேட்டப்போ அந்த பாட்டி போட்டோவுல தெரியற தொப்பி, மஃப்ளர், குளத்தங்கரை வேலி எல்லாத்தையும் ஆறு வயசுல தானே பாத்ததா சொல்றாங்க. பொய் சொல்லல, அவங்களுக்கு இப்போ அது நிஜமாவே அப்படித்தான் தெரியுது. முதல் தடவை போட்டோ இல்லாம கேட்டிருந்தா ரெண்டு குளிர்காலமும் தனித்தனியா வந்திருக்கும், 1947ல உண்மையிலேயே என்ன பாத்தாங்கன்னு கிடைச்சிருக்கும். இனிமே கிடைக்காது, அதான் எனக்கு ஆத்திரம். லெட்ஜர் தொலைஞ்சா வேற எங்கயாவது காப்பி இருக்கும், ஒருத்தரோட ஞாபகத்துக்கு காப்பி கிடையாது.

ஊரைப் பத்தின பழைய புக்லெட்டும் இதே வேலையத்தான் பண்ணுது. 1977ல எலிசபெத் ராணியோட வெள்ளி விழா (ஜூபிலி) சமயத்துல போட்டது ஒண்ணு வீட்டுக்கு வீடு இருக்கும், அதுல இருக்கற கதைய பத்து பேர் பத்து விதமா சொன்னதும் "பத்து சாட்சி இருக்கு"ன்னு எழுதிடறாங்க. இருக்கறது ஒரே சாட்சிதான், அந்த புக்லெட்.

அப்போ எப்படித்தான் கேக்கறது? வருஷத்த நீங்க சொல்லாதீங்க, அவங்களையும் கேக்காதீங்க. அப்போ ஸ்வீட் வாங்க கூப்பன் வேணுமா, வீட்டுல மண்ணெண்ணெய் விளக்கா கரண்டா, தண்ணி குழாய்லயா பம்ப்லயா, அண்ணன் எத்தனை வயசுல ஸ்கூல விட்டார்னு கேளுங்க. ஸ்வீட் ரேஷன் கடைசியா போனது 1953 பிப்ரவரி, ஸ்கூல் விடற வயசு 14ல இருந்து 15 ஆனது 1947 ஏப்ரல், வருஷம் தானா பிடிபடும். அப்புறம் கவுன்ட்டி ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது மாவட்ட ஆவணக் காப்பகம் போய் ஸ்கூல் லாக் புக் இருந்தா பாருங்க, 1862 விதிப்படி ஹெட்மாஸ்டருங்க எழுத ஆரம்பிச்சது, பனிக்கு ஸ்கூல் மூடினது, உருளைக்கிழங்கு எடுக்கப் போய் பாதி பசங்க வராதது எல்லாம் தேதியோட இருக்கும். போட்டோவ எடுக்கறது எல்லாம் பேசி முடிச்ச பிறகு, பின்பக்க எழுத்த மறைச்சுட்டு.

"அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?"

இப்படிக் கேட்டா "ஏழைங்கதான், ஆனா சந்தோஷமா இருந்தோம், கதவே பூட்ட மாட்டோம்"னு ஒரு பதில் வரும், எல்லா ஊர்லயும் அதே பதில். சஃபோக்ல பிளாக்ஸ்ஹால் கிராமத்துல 1950கள்ல ஜார்ஜ் ஈவர்ட் எவன்ஸ்ங்கற எழுத்தாளர் பக்கத்து வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டதெல்லாம் வேலைய பத்தி, கையில பிடிச்ச கருவிய பத்தி. அதனாலதான் குதிரை வச்சு உழுத காலம் அவ்ளோ தெளிவா பதிவாகி இருக்கு.

எல்லாத்துக்கும் பிளேக்

சர்ச் வயலுக்கு நடுவுல தனியா நின்னா உடனே பிளேக் வந்து ஊரே அழிஞ்சுதுன்னு எழுதிடறாங்க. யார்க்‌ஷயர்ல வார்ரம் பெர்சிங்கற அழிஞ்சு போன கிராமத்த 1950ல இருந்து 40 வருஷம் தோண்டினாங்க, பிளேக் வந்த 1349க்கு அப்புறமும் அங்க ஜனங்க இருந்திருக்காங்க, கடைசிக் குடும்பங்கள 1500 வாக்குல ஆடு மேய்க்கறதுக்காக நிலச்சொந்தக்காரர் வெளியேத்தினார். டார்செட்ல மில்டன் ஆபஸ் 18ஆம் நூற்றாண்டுல இடம் மாறினதுக்கு காரணம் பிரபு வீட்டு ஜன்னல்ல இருந்து பாத்தா ஊர் தெரியக்கூடாதுன்னு அவர் நினைச்சது. பிளேக்னு எழுதறப்போ அந்த ஜனங்களுக்கு நடந்த அநியாயம் காணாம போயிடுது.

1841 சென்சஸ் வயசு

15க்கு மேல இருந்தா வயச கீழ இருக்கற அஞ்சோட மடங்குக்குக் குறைச்சு எழுதச் சொன்னாங்க. 30னு இருந்தா 34ஆவும் இருக்கலாம்.

1752க்கு முந்தின ஜனவரி, பிப்ரவரி, மார்ச்

அப்போ வருஷம் பிறந்தது மார்ச் 25. சர்ச் ரெஜிஸ்டர்ல 1720 பிப்ரவரின்னு இருந்தா நம்ம கணக்குல 1721.

1931 சென்சஸ் தேடறது

தேடாதீங்க, 1942ல எரிஞ்சு போச்சு. 1941ல எடுக்கவே இல்ல. போர் ஆரம்பிச்சதும் ஜனங்கள கணக்கெடுத்த 1939 ரெஜிஸ்டர்தான் இருக்கு, அதுவும் செப்டம்பர் 29ல எடுத்தது, குண்டு விழும்னு பயந்து லண்டன்ல இருந்து அனுப்பின பசங்க அதுக்குள்ள கிராமத்துக்கு வந்தாச்சு, அவங்கள ஊர்ப் பசங்கன்னு எழுதிடாதீங்க.

ஒரே ஃபார்மட்ல வச்சுக்கறது

இங்கிலாந்து நிலம், சொத்தையெல்லாம் கணக்கெடுத்த 1086 டூம்ஸ்டே புக் தோல்ல எழுதினது, இன்னைக்கும் படிக்கலாம். அதோட 900வது வருஷத்துக்கு 1986ல பிபிசி பண்ணின ப்ராஜெக்ட்ல பத்து லட்சத்துக்கு மேல ஜனங்க, முக்காவாசி ஸ்கூல் பசங்க, தங்க ஊரைப் பத்தி எழுதிக் குடுத்தாங்க, எல்லாம் லேசர் டிஸ்க்ல போச்சு, 2000 வாக்குல அதப் படிக்கற மெஷின் கிடைக்கறதே குதிரைக்கொம்பு, தனியா ஆராய்ச்சி பண்ணித்தான் மீட்டாங்க. ஆடியோவ டபிள்யூஏவி (WAV) ஃபைலா ரெண்டு இடத்துல வைங்க, பேச்ச முழுசா டைப் பண்ணி பேப்பர்லயும் எடுத்துடுங்க, பேசினவங்க கையெழுத்துப் போட்ட சம்மத லெட்டரும் கூட இருக்கட்டும், அது இல்லாம கொண்டு போனா ரெக்கார்ட் ஆபீஸ்ல வாங்கிக்கத் தயங்குவாங்க.