மூன்று சக்கர பைக்கில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் செய்யக்கூடாதவை

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்று இருக்கும் பைக்கைப் புதிதாக ஓட்டுபவர்கள், டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்ததுமே ஸ்பேர் பார்ட்ஸ் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் கவனி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடலாம்.

ஃபால்ட் கோட் (வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் பிழை எண்) சொன்ன சென்சாரை உடனே மாற்றுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கேன்-ஆம் ஸ்பைடர் மாதிரியான வண்டிகளில் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், வழுக்காமல், வண்டி நிலை தடுமாறாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சக்கர வேக சென்சார்களும் ஹேண்டில்பார் கோண சென்சாரும் தரும் தகவலைத்தான் இவை நம்பியிருக்கின்றன. ஸ்டார்ட் செய்யும் நொடியில் மின்னழுத்தம் சரிந்தால் இவற்றில் ஏதாவது ஒன்று தடுமாறும். உடனே பழி ஏதாவது ஒரு சென்சார் மேல் விழும். வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது பாதுகாப்புக்காக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் நிலைக்குப் போய் ஊரத் தொடங்கும்.

தெரிந்தவர் ஒருவருக்கு இன்ஜின், ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி விளக்குகள் மூன்றும் சேர்ந்தே எரிந்தன. ஒர்க்‌ஷாப்பில் முதலில் இடது சக்கர சென்சாரை மாற்றினார்கள். அப்புறம் ஹேண்டில்பார் கோண சென்சார், அதற்குத் தனியாக காலிபரேஷன் (அளவைச் சரியாக அமைக்கும்) கூலி. விளக்குகள் திரும்ப வந்தன. கடைசியில் பார்த்தால் ஃபாக் லைட், ஹாரன், சார்ஜர் எல்லாவற்றின் வயரையும் பேட்டரி நெகட்டிவ் போல்ட்டிலேயே அடுக்கி மாட்டியிருந்தார்கள். போல்ட் விரலால் திருப்பினாலே சுழன்றது! முனையைச் சுத்தம் செய்து இறுக்கியதோடு கதை முடிந்தது. மாற்றிய சென்சார்களுக்கான காசை யார் திருப்பித் தருவார்கள்?

"செல்ஃப் எடுக்கிறதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். மல்ட்டிமீட்டரை எடுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போனால் பேட்டரியையோ இணைப்பையோ சந்தேகியுங்கள். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5. இது சரியாக இல்லாமல் எந்த சென்சாரையும் தொடாதீர்கள். இன்னொன்று: பல விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் பல பாகங்கள் ஒரே நாளில் கெட்டுப்போயின என்று நினைப்பதைவிட, பொதுவான ஒரு காரணத்தைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

குறித்துக்கொள்ளாமல் ஃபால்ட் கோடை அழிப்பது

அழிக்காதீர்கள். முதலில் அந்தக் கோடை ஃபோட்டோ எடுங்கள்.

பிரேக் விளக்குக்கு ஆயில் ஊற்றுவது

பார்க்கிங் பிரேக் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தீர்கள், சரி. அதன் பிறகும் எரிந்தால் பிரேக் ஆயில் மட்டம் இறங்கியிருக்கலாம். பிரேக் பேட் தேயத் தேய அந்த மட்டமும் இறங்கும். மேலே ஊற்றினால் விளக்கு அணையும், தேய்ந்த பேட் அப்படியே இருக்கும். கசிவும் இருக்கலாம், அதையும் பாருங்கள்.

அளவு மாறிய டயர்

டயரின் விட்டம் மாறினால் சக்கரம் சுழலும் வேகமும் மாறும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் கணக்கு ஒத்துப்போகாமல் ஸ்டெபிலிட்டி விளக்கு எரியலாம். டயர் மாற்றிய கையோடு விளக்கு வந்ததென்றால் முதல் சந்தேகம் டயர் மேல்தான். காற்றழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஆயில் பிரஷர் விளக்கு

ஓடும்போது எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணையுங்கள். வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாதீர்கள்.