சப்வூஃபர் கேபிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் கயிற்றால் அளந்து பாருங்கள்

கடைக்குக் கிளம்பும் முன் சப்வூஃபரின் (அடித்தொனிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) பின்பக்கத்தைப் பாருங்கள். சுவர் பிளக்கில் செருகும் வயரும், 'எல்எஃப்இ' (அடித்தொனிக்கான தனி வழி) அல்லது 'லைன் இன்' என்று எழுதிய வட்டத் துளையும் இருந்தால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது, உங்களுக்குத் தேவை ஒரே ஒரு ஆர்சிஏ கேபிள் (நடுவில் ஒற்றை ஊசி உள்ள வட்ட முனைக் கேபிள்). வயரைக் கவ்வும் கிளிப் மட்டும் இருந்தால் சாதாரண ஸ்பீக்கர் வயர்தான்.

அடுத்தது நீளம். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி நாலறை வீட்டில் டிவிக்கும் சப்வூஃபர் நிற்கும் சோபா மூலைக்கும் பார்த்தால் மூன்று மீட்டர்தான் இருக்கும், ஆனால் கேபிள் நடுக்கூடத்தில் ஓடாதே, சுவரோரமாக, பால்கனிக் கதவைச் சுற்றி, அலமாரிக்குப் பின்னால் ஏறித்தான் டிவி பக்கத்து ரிசீவருக்கு (ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) வர வேண்டும். நான் கண் கணக்கில் மூன்று மீட்டர் வாங்கி வந்தேன், பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதே பாதையில் கயிறு விட்டு அளந்தபோது ஐந்தரை மீட்டர் வந்தது. அளந்ததோடு அரை மீட்டர் சேர்த்து வாங்குங்கள்.

சரி, எந்தத் தரம்? ஷீல்டு (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) பார்த்து வாங்குங்கள், மற்றதற்குக் கூடுதல் வெள்ளி தர வேண்டாம். எல்எஃப்இ வழியாக வருவது 120 ஹெர்ட்ஸ் வரையிலான அடித்தொனி மட்டுமே. சிங்கப்பூர் மின்சாரமோ 50 ஹெர்ட்ஸ், சப்வூஃபர் பாடும் எல்லைக்கு நடுவிலேயே அது விழுகிறது. கேபிளுக்குள் கொஞ்சம் புகுந்தாலும் "ம்ம்ம்" என்று கேட்கும். வெளியுறைக்கு அடியில் பின்னல் கம்பி அடர்த்தியாக உள்ள 75 ஓம் கோஆக்சியல் கேபிள் போதும். டிஜிட்டல் கோஆக்சியல் என்று விற்பதும் இதற்கு ஒத்துவரும். பவர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், தாண்டியே ஆக வேண்டுமென்றால் குறுக்கே தாண்டுங்கள்.

ரிசீவர், சப்வூஃபர் இரண்டையும் அணைத்துவிட்டு, ரிசீவரின் 'சப் அவுட்'டிலிருந்து சப்வூஃபருக்குச் செருகுங்கள். அங்கே இடது, வலது என இரண்டு துளை இருந்தால் 'மோனோ' அல்லது 'எல்எஃப்இ' என்று குறித்ததில் செருகுங்கள், பெரும்பாலும் அது இடதுதான். அப்புறம் சப்வூஃபரின் கிராஸ்ஓவர் குமிழை (எந்த அளவுக்குக் கீழான ஒலி சப்வூஃபருக்கு என்று பிரிப்பது) அதிகபட்ச அளவுக்குத் திருப்பிவிட்டு, ரிசீவரில் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

இதற்குப் பிறகும் இரைந்தால் டிவியின் ஆன்டெனா வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்று (இரண்டு வழியில் எர்த் இணைந்து வரும் இரைச்சல்), புதுக் கேபிள் வாங்கினாலும் போகாது, ஆன்டெனா வழியில் அந்தத் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் போட வேண்டும். இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் இணைப்பை மட்டும் தயவுசெய்து துண்டிக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.