கிறிஸ்துமஸ் இரவில் படம் போடும்போது நாம் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன்னால், டிசம்பர் 24 இரவு. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் அக்கா வீட்டில் பதினாறு பேர் கூடியிருந்தோம். கேரல் பாடிவிட்டு வந்த பிள்ளைகள் பாயில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அடுப்படியில் அச்சுமுறுக்கு பொரிந்துகொண்டிருந்தது. "ஏசு படம் போடுங்க மாமா" என்று பிள்ளைகள் கேட்டதும், யோசிக்காமல் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' படத்தைப் போட்டுவிட்டேன். சாட்டையடிக் காட்சி வந்தபோது அக்காவின் கடைக்குட்டி எழுந்துபோய் அவள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. மறுநாள் காலையில் குடிலில் இருந்த குழந்தை ஏசுவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தப் பாப்பாவையா அப்படி அடிச்சாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஏசு படம் என்றாலே கிறிஸ்துமஸ் படம் என்று நினைத்துவிடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. 2004-ல் வந்த அந்தப் படம் ஏசுவின் கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்தைச் சொல்கிறது. அது தவக்காலத்தில், பெரிய வெள்ளியை ஒட்டி, பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம். பிறப்பின் கதை வேண்டுமென்றால் 2006-ல் வந்த 'தி நேட்டிவிட்டி ஸ்டோரி' இருக்கிறது. வத்திக்கானிலேயே முதல் காட்சி திரையிடப்பட்ட படம் அது. மரியாளும் சூசையும் பெத்லகேமுக்குக் கழுதையோடு நடக்கும் அந்த நீண்ட வழியை அவ்வளவு பொறுமையாகக் காட்டுவார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஏரோதின் வீரர்கள் குழந்தைகளைக் கொல்ல வருவதில்தான் படம் தொடங்குகிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போடுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. படத்தின் அட்டையில் கிறிஸ்துமஸ் மரமும் பனியும் இருந்தால் பிள்ளைகள் படம் என்று நம்பிவிடுகிறோம். 'கிரெம்லின்ஸ்' (1984) அப்படித்தான் ஏமாற்றும். பஞ்சுபோல ஒரு குட்டி விலங்கு, அழகாக இருக்கும். ஆனால் நடுவில் ஒரு பெண், தனக்குக் கிறிஸ்துமஸ் ஏன் பிடிக்காது என்று சொல்வாள். கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டுப் புகைபோக்கி வழியாக இறங்கப் பார்த்த அவளுடைய அப்பா அதற்குள்ளேயே இறந்து கிடந்திருப்பார். கிறிஸ்துமஸ் தாத்தா என்று யாரும் கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன் என்று அவள் முடிப்பாள். தலையணைக்கு அடியில் தாத்தாவுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டலாமா? 'லவ் ஆக்சுவலி' (2003) படத்தில் ஆடையில்லாத காட்சிகள் வரும். பாட்டியும் மருமகளும் இருக்கும் கூடத்தில் அது வேண்டாம். 'டை ஹார்ட்' (1988) கதை கிறிஸ்துமஸ் இரவில் நடக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதில் ரத்தம் அதிகம். பிள்ளைகள் தூங்கிய பிறகு அண்ணன் தம்பிகள் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் நேரம். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946-ல் வந்தது. ஃபிராங்க் கேப்ரா இயக்கம், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிப்பு. வந்த காலத்தில் போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. 1974-ல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் அதைத் திரும்பத் திரும்பப் போட, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. படத்தின் நீளம் 130 நிமிடம். நம் ஆட்கள் பத்தரை மணிக்கு அதைப் போட்டுவிட்டு, நடுச்சாமப் பூசைக்கு மணியடித்ததும் பாதியில் எழுந்து ஓடுகிறார்கள். கடன், பழி, பாலத்தின் மேல் நின்று சாக நினைக்கும் ஒரு மனிதன், இதோடு படம் நின்றுபோகிறது. ஊரே திரண்டு வரும் கடைசிப் பகுதியைப் பார்க்காதவர்கள் "என்னப்பா, ஒரே சோகம்" என்கிறார்கள். சோகம் என்று சொல்ல அந்தப் படத்தை அவர்கள் முழுதாகப் பார்க்கவே இல்லையே!

எங்கள் ஊர்க்காரர்கள் இதை விடவே கூடாது. கதாநாயகன் ஜார்ஜ் நடத்துவது ஒரு சிறு கடன் சங்கம். ஊரில் பாதியைக் கைக்குள் வைத்திருக்கும் பணக்காரன் ஒருவனிடம் காலமெல்லாம் வாடகை கட்டிக்கொண்டிருக்கும் ஏழைகளுக்குச் சொந்த வீடு கிடைக்க வழிசெய்கிறது அந்தச் சங்கம். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று தெரியாமல் நின்ற தாத்தாக்களின் பேரன்கள் நாம். சுங்கை சிப்புட்டில் பிறந்த மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கட்டும் என்பதற்காகத்தான். அந்தச் சங்கத்துக்குப் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக) கட்டிய கைகளைத் தெரிந்தவர்களுக்கு ஜார்ஜின் சங்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. படத்தில் ஒரு குடும்பம் புது வீட்டுக்குப் போகும்போது ஜார்ஜும் அவன் மனைவியும் வாசலில் நின்று ரொட்டி, உப்பு, ஒயின் கொடுப்பார்கள். உப்பைப் பார்த்ததும் எங்கள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்மளும் உப்பும் மஞ்சளும்தானே முதல்ல கொண்டுபோவோம்" என்றார். அதற்கப்புறம் அவர் இடத்தைவிட்டு அசையவே இல்லை.

இதே படத்தை வண்ணம் பூசியும் வெளியிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கறுப்பு வெள்ளை பிடிக்காது என்று அதைத் தேடிப் போடாதீர்கள். அந்த வண்ணத்தில் முகங்கள் மெழுகுபோலத் தெரிகின்றன, பாலத்துக் காட்சியின் இருட்டும் போய்விடுகிறது. கூடத்து விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையிலேயே போடுங்கள், பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் பழகிவிடும்.

டிசம்பர் நமக்கு மழைக்காலம். தகரக் கூரையில் மழை கொட்டினால் வசனம் ஒன்றும் காதில் விழாது. கூரையில் வைத்த செயற்கைக்கோள் தட்டில் படம் வரும் வீடுகளில் படமே நின்றுபோகும். அதனால் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வசனத்துக்கு எழுத்து வரி (சப்டைட்டில்) இருக்கிறதா, அது எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் மதியமே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

25-ஆம் தேதி திறந்த இல்ல உபசரிப்புக்கு வேறு கணக்கு. மலாய் நண்பர்கள், சீன அண்டை வீட்டார், பழைய தோட்டத்து ஆட்கள் என்று ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அங்கே வரிசையாகப் பார்த்தால்தான் புரியும் படம் சரிப்படாது. விருந்தாளிக்குப் படம் பிரசங்கமாகவும் ஆகிவிடக் கூடாது. 'ஹோம் அலோன்' (1990) எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் புரியும். தட்டில் இடியப்பத்தோடு நின்றபடியே சிரித்துவிட்டுப் போகலாம். இஸ்திரிப்பெட்டி திருடன் முகத்தில் விழும் காட்சி வந்தால் மட்டும் பையன்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், செய்து பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். 1966-ல் வந்த 'கிரிஞ்ச்' கார்ட்டூன் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதுவும் நல்லது.

வீட்டில் வயதானவர்களை மறந்துவிடுகிறோம், அதுவும் பெரிய தவறு. ஆங்கிலப் படம் ஓடும்போது மூலையில் நாற்காலி போட்டு அவர்களை உட்கார வைத்துவிடுகிறோம். 1948-ல் வந்த 'ஞானசௌந்தரி' கிறிஸ்துமஸ் கதை இல்லை, மாதாவின் அருளால் வெட்டுப்பட்ட கைகளைத் திரும்பப் பெறும் பெண்ணின் கதை. ஆனால் அந்தத் தலைமுறை அதைத் தோட்டத்துத் திடலில், இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணியில் பார்த்தது. பாடல் வந்ததும் எங்கள் பாட்டியின் உதடு தானாக அசைந்தது, சத்தமே இல்லாமல், ஒரு வரிகூடத் தவறாமல். பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் 24 இரவு பூசைக்கு முன்னால் படமே கிடையாது, கேரலும் பலகாரமும் மட்டும்தான். ஜார்ஜின் கதையை 26-ஆம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்குப் போடுகிறோம். அன்று ஏசுவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட அக்கா மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. போன வருடம் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தது அவள்தான்.