17 செ.மீ. எக்ஸ்-விங்கை முழுக் கப்பலாகக் காட்டுவது எப்படி

ஸ்டார் வார்ஸ் கப்பல்களில் முதலில் எதைக் கட்டலாம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பான்டாய் கம்பெனியின் 1/72 எக்ஸ்-விங் கிட், அதாவது இறக்கைகள் எக்ஸ் வடிவில் விரியும் போர்க்கப்பலை 72-ல் ஒரு பங்கு அளவில் துண்டு துண்டாகத் தரும் பெட்டி. பசை வேண்டாம், துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று டக்கென்று உட்கார்ந்துகொள்ளும், பிளாஸ்டிக்கே பல நிறங்களில் வருகிறது, இறக்கைகள் திறந்து மூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கட்டி முடித்துவிடலாம். ஆனால் அப்படியே மேசையில் வைத்தால் அது நல்ல பொம்மைதான். கப்பலாகத் தெரியாது.

ஏன் தெரியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கதைப்படி எக்ஸ்-விங்கின் நீளம் 12.5 மீட்டர், கையில் இருப்பது 17 செ.மீ. சொச்சம். அதாவது நம் மாடலில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 7 செ.மீ.க்கும் மேல், 3 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட ஒரு சாண். தகடுகளுக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு மி.மீ. கோடு போட்டால், விமானியின் கை நுழையும் இடைவெளியை வரைந்துவிட்டோம் என்று அர்த்தம். பெயின்ட் அடிக்கும்போது எடுக்கிற ஒவ்வொரு முடிவையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். துண்டுகள் ஸ்ப்ரூ என்ற பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். நிப்பர் என்ற சின்ன வெட்டுக்குறடால் துண்டை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டாதீர்கள், வெட்டிய இடம் வெளுத்துப் பள்ளமாகிவிடும். முதலில் 3, 4 மி.மீ. தள்ளி வெட்டுங்கள், அடுத்து நெருக்கி ஒரு வெட்டு, மிச்சத்தைப் பிளேடால் சீவி 600, பிறகு 800 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். எஞ்சின் உருளைகளிலும் இறக்கை நுனியில் இருக்கும் நான்கு லேசர் துப்பாக்கிகளிலும் அச்சு சேர்ந்த கோடு மெல்லிசாக ஓடும். துப்பாக்கிக் குழல் ஈர்க்குச்சி மாதிரி இருப்பதால் உப்புத்தாளை அழுத்தினால் வளைந்துவிடும், பிளேடின் முதுகால் மெதுவாகச் சுரண்டுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தால் இண்டு இடுக்கில் அடிக்கவே முடியாது. உடல், இறக்கைகள், எஞ்சின்கள், விமானி அறை என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டுமென்றால், மாட்டும் முளைகளின் நுனியைக் கொஞ்சம் சீவிவிடுங்கள், அப்போதுதான் திரும்பக் கழற்ற வரும். பெயின்ட்டுக்கும் தடிமன் உண்டு என்பதால் இந்தச் சீவல் கடைசியில் மாட்டும்போதும் உதவும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் எல்லாவற்றையும் அலசி நன்றாகக் காயவிடுங்கள். கைப்பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாது.

பிரைமரை, அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை, விட்டுவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், விடவே கூடாது. மிஸ்டர் சர்ஃபேசர் 1200 சாம்பல் நிறம் போதும், டின் ஸ்பிரேயாகவே கிடைக்கிறது. 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, துண்டுக்கு வெளியே ஸ்பிரேயைத் தொடங்கி வெளியேதான் நிறுத்த வேண்டும். மூக்குக்கு நல்ல வடிகட்டி மாஸ்க், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. பிரைமர் காய்ந்ததும் விட்டுப்போன அச்சுக்கோடு, கீறல் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றைச் சரிசெய்துவிட்டு மேலே போங்கள்.

இப்போது நிறம். எக்ஸ்-விங் வெள்ளைக் கப்பல் என்று நினைத்துச் சுத்த வெள்ளை அடித்தால் பிளாஸ்டிக் டப்பா மாதிரிதான் இருக்கும். பெரிய பொருளைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நடுவில் இருக்கும் காற்று நிறத்தை மங்கவைக்கிறது, வெள்ளை சாம்பலாகிறது, கறுப்பு வெளிறுகிறது. நான் தாமியா கம்பெனி பெயின்ட்டில் எக்ஸ்எஃப்-2 வெள்ளையில் கொஞ்சம் எக்ஸ்எஃப்-19 ஸ்கை கிரே, ஒரு துளி எக்ஸ்எஃப்-57 பஃப் கலந்து அடிப்பேன். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தூவும் கருவி) என்றால் 0.3 மி.மீ. முனை, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், பெயின்ட் பால் பதத்துக்கு இருக்க வேண்டும். ஏர்பிரஷ் இல்லையென்றால் வெளிர் சாம்பல் டின் ஸ்பிரேயில் தாராளமாகச் செய்யலாம், ஆனால் இந்த பெயின்ட்டைத் தூரிகையால் பெரிய பரப்பில் இழுக்காதீர்கள், திட்டுத்திட்டாக நிற்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் அடுத்ததுதான், இதற்கு மட்டும் ஒரு முழுச் சாயங்காலத்தை ஒதுக்குங்கள். அதே கலவையை மூன்று சின்னக் கிண்ணங்களில் எடுத்து, ஒன்றில் பஃப் ஒரு துளி கூடுதலாக, ஒன்றில் சாம்பல் ஒரு துளி கூடுதலாக, ஒன்றில் வெள்ளை ஒரு துளி கூடுதலாக விடுங்கள். இறக்கையில் ஏதாவது இரண்டு மூன்று தகடுகளைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு கிண்ணத்துப் பெயின்ட்டை ஒரே ஒரு மெல்லிய அடி, வேறு தகடுகளுக்கு வேறு கிண்ணம். டேப்பை எடுத்ததும் பளிச்சென்று வித்தியாசம் தெரிந்தால் அதிகமாகிவிட்டது, மேலே அடிநிறத்தை ஒரு தூவு தூவி அடக்கிவிடுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் தெரிய வேண்டும், கை நீட்டிப் பிடித்தால் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். அந்த அளவில் நின்றுவிட்டால், வெவ்வேறு நாளில் வெவ்வேறு மெக்கானிக் மாற்றிய தகடுகள் மாதிரி இறக்கை உயிரோடு இருக்கும்.

சிவப்புப் பட்டைகளுக்கு டிகால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படம், கிட்டிலேயே இருக்கிறது. நான் பெயின்ட்தான் அடிப்பேன், காரணம் அங்கங்கே பெயின்ட் உதிர்ந்த தோற்றம் எனக்கு வேண்டும். சிவப்பு அடிக்கும் முன் மாஸ்கிங் திரவத்தை ஒரு ஸ்பாஞ்சுத்துண்டு நுனியில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி முக்கால்வாசியை எடுத்துவிட்டு, தகட்டு ஓரங்களில் மட்டும் பட்டும் படாமலும் ஒற்றுங்கள். காய்ந்ததும் எக்ஸ்எஃப்-7 சிவப்பில் கொஞ்சம் எக்ஸ்எஃப்-9 ஹல் ரெட் கலந்து அடித்து, பத்து நிமிஷம் கழித்து விரலால் தேய்த்தால் அந்தப் புள்ளிகள் சுருண்டு வரும், அடியில் வெள்ளை எட்டிப் பார்க்கும். புள்ளி மிளகு அளவு இருந்தால் தப்பு, கடுகுகூடப் பெரிசுதான்.

டிகால் ஒட்டுவதற்கு முன் பளபளப்பான கிளியர் கோட் (நிறமில்லாத மேற்பூச்சு) அடித்தாக வேண்டும், சொரசொரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம், நகர்த்தி வைத்து, டிகாலை இளக்கிப் படியவைக்கும் மார்க் சாஃப்டர் திரவம் ஒரு தொடு. அவ்வளவுதான்.

பள்ளங்களில் ஓடித் தங்குவதற்காக நீர்க்கக் கரைத்த பெயின்ட்தான் வாஷ், அதைப் போடும்போதுதான் கவனம் வேண்டும். வேறொரு கிட்டில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தபின் எனாமல் வாஷைத் தாராளமாக ஓடவிட்டுத் தின்னரால் துடைத்தேன். மறுநாள் காலையில் ஒரு இறக்கை வேரோடு பிளந்து கிடந்தது. மாட்டிய முளைகள் எப்போதும் இறுக்கத்தில் இருக்கும், அங்கே எனாமல் தின்னர் ஊறினால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். அதனால் துண்டுகள் தனித்தனியாக இருக்கும்போதே, கிளியர் கோட்டுக்கு மேல், பிழிந்த பஞ்சுக்குச்சியால் துடைத்துச் செய்யுங்கள். கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் அல்லது பழுப்பு கலந்த சாம்பல் போதும். கப்பலின் முதுகிலும் எஞ்சின் பக்கத்திலும் இருக்கும் குழாய், பெட்டி, மேடு எல்லாவற்றிலும் மட்டும் வாஷைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். 1977 படத்துக்குக் கப்பல் செய்தவர்கள் கடையில் விற்ற டாங்க், விமானக் கிட்களின் துண்டுகளை எடுத்துத்தான் இந்த மாதிரி இடங்களை நிரப்பினார்கள். நம்மைப் போல ஸ்ப்ரூவிலிருந்து துண்டு வெட்டியவர்களின் கைவேலை அது, அந்த இடத்துக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாம்.

துப்பாக்கி முனையிலும் எஞ்சின் வாயிலும் பென்சில் தூளையோ கறுப்புப் பொடியையோ மெல்லிய தூரிகையால் தேய்த்துப் புகைக்கறை போடுங்கள். கறை காற்றோட்டத்தின் திசையில், முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும்.

கடைசியாக மேட் கோட், மின்னாத மேற்பூச்சு. இந்த அளவில் ஒரு இடம் மின்னினாலும் கண் அதைப் பொம்மை என்று கண்டுபிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் மட்டும் அடிக்காதீர்கள், காற்றில் ஈரம் அதிகமிருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், இத்தனை நாள் வேலை ஒரு நிமிஷத்தில் மங்கிப்போகும். ஒரு நாள் காத்திருந்து வெயில் வந்தபின் அடியுங்கள்.

விமானி அறையின் கண்ணாடி மூடியை மேட் கோட் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும், இல்லையென்றால் பனி படிந்த மாதிரி ஆகிவிடும். கிட்டில் கண்ணாடியுள்ள மூடி ஒன்று, வெறும் சட்டம் ஒன்று என இரண்டும் இருக்கின்றன. படப்பிடிப்புக்குச் செய்த எக்ஸ்-விங்குகளில் கண்ணாடியே கிடையாது, விளக்கு வெளிச்சம் பட்டுப் பிரதிபலிக்கும் என்று வெறும் சட்டத்தோடு விட்டுவிட்டார்கள். நான் வெறும் சட்டத்தைத்தான் மாட்டுவேன். இரண்டு மணி நேரம் பெயின்ட் அடித்த விமானியின் முகம் அதில்தான் தெளிவாகத் தெரிகிறது.